ஹோனலூலுவில் இரண்டு அறைகள்

ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் கப்பலுக்குச் சீட்டு எடுப்பவர்களிடம் பயண முகவர்கள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. இரண்டு நாள் முன்னதாகவே ஹோனலூலு வந்துவிடுங்கள், ஊரைச் சுற்றிப் பாருங்கள், பிறகு சாவகாசமாகக் கப்பல் ஏறுங்கள் என்பார்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது என்பதுதான் உள்காரணம். எங்களுக்கும் அப்படியே சொல்லப்பட்டது. கூடவே, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்தால் மேல்தளத்தில் ஒரு 'ஸ்வீட்' கிடைக்கும் என்றும் சொன்னார்கள். (தமிழில் எழுதினால் இனிப்பாகிவிடும் இந்தச் சொல்லை இனிச் சொகுசறை என்றே வழங்குவோம்.) இரண்டுக்கும் தலையாட்டினோம். திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. முதல் யோசனைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி எங்கள் இருவருக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை.

முதல் நாள் பேருந்துச் சுற்றுலா. வைக்கிக்கி கடற்கரை, டயமண்ட் ஹெட் எரிமலை முகடு, பேர்ல் ஹார்பர். 1941 டிசம்பர் 7 அன்று அரிசோனா என்ற ஒரே போர்க்கப்பலில் 1,177 பேர் மாண்டார்கள். அங்கே எவரும் உரக்கப் பேசுவதில்லை, பேசவும் முடியாது. அதே பேருந்து நகரின் நடுவே இயோலானி அரண்மனையைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைச் சற்றுக் குறைத்தது. வாஷிங்டனின் வெள்ளை மாளிகைக்கு முன்பே மின்விளக்கு எரிந்த அரண்மனை இது என்றார் வழிகாட்டி. எல்லோரும் வியந்தார்கள். பேருந்து போய்விட்டது. அவர் சொன்னது உண்மையே. ஆனால் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் அது கடைசித் தகவல்.

மறுநாள் காலை நடந்தே போனோம். கலாகாவா மன்னர் கட்டி 1882இல் முடித்த மாளிகை. அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் அவர் தங்கை லிலியுவோகலானி. 1893 ஜனவரியில் கரும்புத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் சேர்ந்து அவரை இறக்கினார்கள். பாஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து படைவீரர்கள் அதற்கு முந்தைய நாளே கரையிறங்கி நின்றார்கள். இரண்டாண்டு கழித்து, ராணியின் ஆதரவாளர்கள் நடத்திய கிளர்ச்சி தோற்றது. அவருடைய அரியணை மண்டபத்திலேயே அவரை நிறுத்தி ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. தண்டனை ஐந்தாண்டுக் கடுங்காவல் என எழுதப்பட்டது. நடைமுறையில் அந்த மாளிகையின் மாடியறை ஒன்றில் ஏறத்தாழ எட்டு மாதம் அடைக்கப்பட்டார். துணைக்கு ஒரே ஒரு பெண்.

அந்த அறை இன்றும் இருக்கிறது. பெரிய அறைதான். ஆனால் ஜன்னல்களின் வழியே வெளியே பார்க்க முடியாது. நடுவில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மெத்தை விரிப்பு: பட்டுத் துண்டுகளையும் நாடாக்களையும் ஒட்டுப்போட்டுத் தைத்தது, ஹவாய் ராஜ்ஜியத்தின் கொடிகளோடு. சிறைப்பட்ட நாளும் விடுபட்ட நாளும் நடுத்துண்டில் நூலால் எழுதப்பட்டிருக்கின்றன. செய்தித்தாள் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவருடைய தோட்டத்துப் பூக்களைக் கொண்டுவந்த பையன் அவற்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். பூக்களுக்கு நன்றியாக ராணி ஒரு பாட்டு இயற்றினார்.

இலக்கியம் படிக்கிறவர்கள் அந்த அறையில் நிற்க வேறொரு காரணமும் உண்டு. ஹவாயின் சிருஷ்டிப் பாடலான 'குமுலிப்போ'வை அவர் ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கியது அங்கேதான். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வரிகள். இருளில் தொடங்கி, பவளப்பூச்சி முதலில் பிறந்து, மீனும் பறவையும் மனிதரும் வந்து, அரச வம்சத்தின் பெயர்வரிசையில் முடியும் பாடல். அரசு பறிபோன ஒருத்தி தன் குலம் எங்கே தொடங்கியது என்பதை, அரசைப் பறித்தவர்களின் மொழியில் எழுதிவைத்தாள். 1897இல் அது புத்தகமாயிற்று. மறு ஆண்டு தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. நடந்தது தவறு என்று அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் போட 1993 வரை ஆயிற்று.

அன்று மாலையே எங்கள் இரண்டாவது அறைக்குள் நுழைந்தோம். தரைமுதல் கூரைவரை கண்ணாடி, அதற்கப்பால் பால்கனி, மேசையில் பழத்தட்டு, அழைத்தால் வர ஓர் ஊழியர். பொய் சொல்ல வேண்டாம், மகிழ்ச்சியாகவே இருந்தது. கப்பல் துறையை விட்டு நகர்ந்தபோது மேல்தளத்தில் 'அலோஹா ஓயெ' வாசித்தார்கள். பக்கத்துப் பால்கனியிலிருந்த முதியவர் கூடவே முணுமுணுத்தார். இயற்றியவர் யார் தெரியுமா என்று கேட்டோம். யாரோ சினிமாக்காரர் என்றார். ராணி என்றோம். எந்த ராணி என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. முந்தைய நாள் எங்களுடன் அதே பேருந்தில் வந்தவர் அவர்.

சொகுசறை விற்பது வசதியை அன்று, தொலைவை. கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடுகிறது. விழித்தால் இன்னொரு தீவு ஜன்னலில் வந்து நிற்கிறது. இறங்காவிட்டாலும் 'பார்த்தாயிற்று' என்ற நிறைவைத் தந்துவிடுகிறது அந்த பால்கனி. ஒரே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும்: கவாய்த் தீவின் நா பாலி மலைச்சுவர். அங்கே சாலை கிடையாது. கடலிலிருந்து பார்ப்பதே முறை, அந்த ஒரு மாலைக்கு பால்கனிக்குக் கொடுத்த பணம் தகும். மற்ற நாட்களுக்குத் தகாது. 1866இல் மார்க் ட்வைன் இங்கே நீராவிக்கப்பலில் வந்து நான்கு மாதம் தங்கினார். குதிரையேறி அலைந்து செய்தித்தாளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவருடைய கிண்டலில் பல இடங்கள் இன்று உறுத்துகின்றன. ஆனாலும் மனிதர் இறங்கினார்.

தொலைவைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடியேற்றிய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களை மட்டுமே தொட்டுப் பயணிகளைச் சுற்றிக்காட்டிவிட முடியாது. அதனால் 2000களின் தொடக்கத்தில் ஒரு கப்பல் நிறுவனம், ஹவாய்த் தீவுகளைக் காட்டுவதற்காகவே சுமார் 1,900 கிலோமீட்டர் தெற்கே கிரிபட்டி நாட்டின் ஃபானிங் தீவுவரை போய்த் தொட்டுத் திரும்பியது. அத்தனை எரிபொருளும் ஒரு சட்டவரியை நிறைவேற்ற!

நாங்களும் மேலானவர்கள் அல்லர். நவிலிவிலித் துறையில் இறங்கியதும் முதலில் விசாரித்தது, பெங்களூர் அருகே செதுக்கிக் கொண்டுவந்த கருங்கல்லால் கவாயில் எழுப்பப்பட்டிருக்கும் இறைவன் கோயிலைத்தான். பசிபிக்கின் நடுவே போய் நம்முடையதைத் தேடினோம். மாவியிலோ, 2023 ஆகஸ்டில் தீயில் சுமார் நூறு பேரோடு அழிந்த லஹைனாவைப் பற்றி ஓட்டுநரிடம் கேட்கக் கூசி, கேட்காமலே வந்துவிட்டோம். ஒரு காலத்தில் அந்த ராஜ்ஜியத்தின் தலைநகரம் அது.

வழக்கு என்று சொன்னோமே, அது இதுதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கவிஞர் ஹௌனானி-கே ட்ராஸ்க் (2021இல் மறைந்தார்) 1993இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில், எங்கள் நாட்டுக்குச் சுற்றுலா வராதீர்கள் என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். பண்பாட்டை விலைபேசும் தொழில் அது என்றார். இருவருமே அதைப் படித்திருந்தோம், படித்துவிட்டுத்தான் போனோம். எங்களில் ஒருவர், அவர் சொன்னதே சரி, இனிப் போவதில்லை என்கிறார். மற்றவர் கேட்பது: போகாமலிருந்தால் அந்த மாடியறையை எப்படி அறிந்திருப்போம்? புத்தகத்தில் அறிந்திருக்கலாமே என்பது முன்னவரின் பதில். அதற்கு மறுமொழி கடினம்தான்.

ஒன்றில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. போவது என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு அந்த இரண்டு நாட்களே பயணம், கப்பல் அதன் பின்னிணைப்பு. சொகுசறைக்காக நாங்கள் கூடுதலாகக் கொடுத்த தொகையைப் பிறகு கணக்குப் போட்டோம். ஹோனலூலுவில் சுமாரான விடுதியில் இன்னும் ஐந்து நாள் தங்கியிருக்கலாம். அரண்மனைக்கு இரண்டாம் முறையும் போயிருக்கலாம். முதல் முறை, பேருந்து நேரத்துக்குப் பழகிய கால்களோடு, அந்த விரிப்பின் முன் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.