ப்ராக்ஸி போடும் ஜாவாஸ்கிரிப்ட்

மக்களே, வகுப்புக்கு வராதவனுக்கு ப்ராக்ஸி கொடுப்பது தெரியும்தானே? ஆள் இருக்க மாட்டான், "உள்ளேன் ஐயா" மட்டும் கேட்கும். ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995-லிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

விலை, வரி என்று இரண்டு மதிப்புகளை வாங்கிக் கூட்டித் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அதை 100 என்ற ஒரே மதிப்போடு அழையுங்கள். பைத்தான் என்றால் அந்த இடத்திலேயே டைப்எரர் போட்டு, 'வரி' வரவில்லை என்று பெயரோடு சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மூச்சு விடாது. வராத வரியின் இடத்தில் 'அன்டிஃபைன்ட்' என்ற ஒன்றை உட்காரவைத்து, அதைக் கூட்டியும் பார்க்கும். விடை 'நேன்', அதாவது 'எண் அல்ல'. சரி, அது என்ன வகை என்று டைப்ஆஃப் போட்டுக் கேட்டால், 'எண்' என்கிறது. என்ன கொடுமை சார் இது!

இது போதாதென்று, 'இல்லை' என்பதற்கு இங்கே இரண்டு பெயர்கள். இன்னொன்று 'நல்'. 100-உடன் 'நல்'லைக் கூட்டினால் 100. வரியே சேராத பில், ஒழுங்கான பில் போலவே வெளியே போகும். 'நேன்' வந்தாலாவது கண்ணில் படும், இது படாது. 2015-ல் வந்த டிஃபால்ட் மதிப்பு வசதியும் காப்பாற்றாது. அது அன்டிஃபைன்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும், 'நல்' அனுப்பினால் அப்படியே உள்ளே விட்டுவிடும்.

"இதெல்லாம் நெகிழ்வுத்தன்மை தம்பி" என்பார்கள் சீனியர்கள். ஒரு மதிப்பு கட்டாயமில்லை என்றால் எழுதுகிறவன் அதைச் சொல்லட்டுமே. பைத்தானிலும் 'வரி=0' என்று எழுதலாம். சொல்லாததைத் தானாக ஊகித்துக்கொள்வதற்குப் பெயர் அலட்சியம்.

பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய இணையப் பக்கங்கள் உடையும் என்பதால் இனி மாற்றவும் முடியாது. என் கோபம் இதை முதல் மொழியாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் மீது. தவறு ஒரு ஃபைலில், விளைவு பத்து ஃபைல் தள்ளி. புதிதாகப் படிக்கிறவன் இரவெல்லாம் தேடிவிட்டு, 'நமக்கு ப்ரோக்ராமிங் வராது' என்று முடிவு கட்டுகிறான். 2012-ல் வந்த டைப்ஸ்கிரிப்டில் இதே அழைப்பை எழுதினால், ஓட்டுவதற்கு முன்பே தவறு என்று காட்டிவிடும். ஸ்ட்ரிக்ட் முறையை வைத்தால் 'நல்'லும் சிக்கும். அதிலிருந்தே தொடங்கினால் என்ன குறைந்துவிடும்?

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு வரவும். "அது அப்படித்தான்" என்பது செல்லாது.