கடைசித் தீவுக்கு யார் சொல்வது?

மறுபடியும் ஒரு தளமாம். 2024 மே மாதம் ஆண்டிகுவாவில் கூடிய சிறு தீவு நாடுகளின் நான்காவது மாநாடு, அடுத்த பத்தாண்டுக்கான செயல்திட்டத்தை நிறைவேற்றியது. அந்தத் தீவிலேயே ஓர் உயர்திறன் மையம் அமையும், அதற்குள் தீவு நாடுகள் அனைத்துக்கும் பொதுவான உலகத் தரவு மையம் இயங்கும் என்றும் அறிவித்தார்கள். தகவலைத் தேடி 39 நாடுகளும் திசைக்கொன்றாக அலைய வேண்டாம், ஒரே கதவைத் தட்டினால் போதும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முப்பது வருடமாகவே கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

1994இல் பார்படோஸில் தயாரான முதல் செயல்திட்டத்திலேயே ‘சிட்ஸ்நெட்’ என்றொரு கணினி வலைப்பின்னல் யோசனை உண்டு. நம் ஊரில் பொதுமக்களுக்கு இணையமே வந்திராத காலம் அது. வலைப்பின்னல் வந்தது, கொஞ்ச நாள் ஓடியது, களைத்தது, மறுபடி தூசு தட்டப்பட்டது. சமோவாவின் ஆபியா நகரிலுள்ள பசிபிக் வட்டாரச் சுற்றுச்சூழல் அமைப்பு, 2012இல் தன் பங்குக்கு ஒரு பருவநிலை மாற்றத் தளத்தைத் திறந்தது. பிறகு பசிபிக்கின் 14 நாடுகளுக்கும் தனித்தனிச் சுற்றுச்சூழல் தரவுத் தளங்கள் வந்தன. கரீபியனுக்கு பெலீஸின் பெல்மோபானில் தனி மையம். நாமும் சும்மா இருக்கவில்லை. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் மோடி, சிறு தீவு நாடுகளுக்காக இஸ்ரோ ஒரு தனித் தரவுச் சாளரம் அமைக்கும் என்றார். வாசல், சாளரம், மையம், மேடை என்று தீவுக்காரர்களுக்கு இதுவரை கட்டித் தந்தவற்றை அடுக்கினால் ஒரு வீடே எழும்பிவிடும். குடியிருக்கத்தான் ஆள் இல்லை.

போன வாரம் அப்படியொரு தளத்துக்குள் போனேன். எந்த நாடு என்று சொல்லி அந்த எளிய மனிதர்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. முகப்பில் நீலக்கடல், தென்னை, சிரிக்கும் குழந்தை. ‘வறட்சி’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் பக்கம் இல்லை என்றது. ‘கடல்மட்டம்’ என்றதற்கு ஆங்கிலத்தில் எண்பது பக்கப் பிடிஎஃப் ஒன்று இறங்கியது, அட்டையில் வெளிநாட்டு ஆலோசனை நிறுவனத்தின் முத்திரையோடு. ‘தொடர்புக்கு’ என்று போட்டிருந்த மின்னஞ்சலுக்கு எழுதிப் பார்த்தேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது, அப்படியொரு முகவரியே கிடையாதென்று.

இதில் சதியும் இல்லை, சோம்பலும் இல்லை. துவாலுவின் மொத்த மக்கள்தொகை சுமார் 11,000. நம் ஊரில் ஒரு பேரூராட்சி அளவுதான். அங்கே ஒரு துறை என்றால் இரண்டு மேசை, மூன்று நாற்காலி. நாலு வருடத் திட்டத்தில் ஒரு இளைஞரைப் பிடித்துப் பயிற்சி கொடுத்துத் தளத்தை ஒப்படைக்கிறார்கள். திட்டம் முடிகிறது, சம்பளம் நிற்கிறது, அவர் ஆக்லாந்துக்கு விமானம் ஏறுகிறார். கடவுச்சொல்லும் கூடவே ஏறிவிடுகிறது. அடுத்த கொடையாளர் வந்து பார்த்துவிட்டு, இங்கே தகவல் கட்டமைப்பே இல்லை என்று அறிக்கை எழுதி, புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார்.

இப்படி எழுதினால், தரவு இல்லாமல் நிதி கிடைக்காது என்று ஒரு கூட்டம் வரும். தென்கொரியாவின் சோங்டோவில் இருக்கும் பசுமைப் பருவநிலை நிதியத்திடம் கடல்சுவருக்குப் பணம் கேட்டால், கரை அரிப்பதற்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கேட்கிறார்கள். அதற்குப் பல்லாண்டுத் தரவு வேண்டும். உண்மைதான். ஆனால், உலகத்தின் பசுமைக்குடில் வாயுவில் ஒரு சதவீதம்கூட வெளியிடாத நாடுகளிடம் ‘மூழ்குகிறீர்களா, ரசீது எங்கே’ என்று கேட்பவர்களுக்கு, ரசீது அடுக்க அலமாரி செய்து கொடுப்பதா நம் வேலை? ஒரே அதிகாரி ஒரே புள்ளிவிவரத்தைப் பத்து அமைப்புகளுக்குப் பத்துப் படிவத்தில் எழுதி மாய்கிறார், பொதுத்தளம் வந்தால் அந்தச் சுமை குறையும் என்பது இன்னொரு சாரார் வாதம். பதினோராவது படிவம் வரும், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஓர் எண் ஞாபகம் வரும்: 38.

2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தது. ஃபிஜியிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கடலுக்கடியில் ஓடிவரும் ஒரே ஒரு கேபிள்தான் அப்போது அந்த நாட்டுக்கு வெளியுலகத் தொடர்பு. அது அறுந்தது. பழுதுபார்க்கப் பப்புவா நியூ கினியிலிருந்து கப்பல் வந்து சேர்ந்து, துண்டு துண்டாகிக் கிடந்ததை ஒட்டவைத்து, தலைமைத் தீவுக்கு இணைப்பு திரும்பியது பிப்ரவரி 22 அன்று. 38 நாள். வெளித்தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிள் சரியாக இன்னும் ஓராண்டுக்கு மேல் பிடித்தது. அந்த 38 நாளும் டோங்காவைப் பற்றிய தகவல் லண்டனில் கிடைத்தது, நியூயார்க்கில் கிடைத்தது. சாம்பல் மூடுவதற்கு முன், மூடிய பின் என்று செயற்கைக்கோள் படங்களைச் சென்னையில் உட்கார்ந்து நானே பார்த்தேன். டோங்காவில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத்தான் கிடைக்கவில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2019 ஜனவரியிலும் இதே கேபிள் அறுந்து இரண்டு வாரம் போல நாடே தொடர்பற்றுக் கிடந்திருக்கிறது.

இப்போதுதான் ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே என்பார்கள். 2024இல் நிலநடுக்கத்தில் வவாவு தீவுகளுக்கான கேபிள் அறுந்து கிடந்த அதே நேரத்தில், உரிமம் இல்லையென்று ஸ்டார்லிங்கை நிறுத்தச் சொன்னது டோங்கா அரசு. ஒரு நாட்டின் புயல் எச்சரிக்கை, ஒரு தனி முதலாளியின் வானத்திலும் ஒரு எழுத்தரின் கோப்பிலும் தொங்கலாமா?

புதிய மையம் வரப்போகும் நாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆண்டிகுவாவின் உடன்பிறப்புத் தீவு பார்புடா. 2017 செப்டம்பரில் இர்மா புயல் அதன் மேலேயே ஏறிப்போனபோது, காற்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்த கருவியே நடுவில் செயலிழந்தது. தொலைத்தொடர்பு போயிற்று. என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அந்நாட்டுப் பிரதமர் ஹெலிகாப்டரில் நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு தீவு முழுவதையும் காலிசெய்தார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் மரியா புயல் டொமினிகாவைத் துவம்சம் செய்தது. இழப்பு அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல 226 சதவீதம். அங்கிருந்து வெளியே பேச முடிந்தவர்களில் முக்கியமானவர்கள் ஹாம் வானொலிக்காரர்கள். பேட்டரியும் கம்பியும் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகப் பேசிப் பழகிய ஆட்கள்.

தகவல் என்பது எது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள வீராம்பட்டினம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளின் இறுதியில் அந்தப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை, உலகத்துக்கே பொதுவாகக் கிடைக்கும் சரக்கை, ஒரு கணினியில் இறக்குவார்கள். அதில் அந்தக் கரைக்கு வேண்டிய இரண்டு வரியை மட்டும் தமிழில் எழுதி, குழாய் ஒலிபெருக்கியில் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார்கள். நான் போயிருந்த அன்று மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. வாசித்து முடிந்ததும் பக்கத்தில் இருந்த பையனிடம், “நாளைக்கு வேணாம்டா, எஞ்சினக் கழட்டு” என்றார். அந்தத் தகவல் பல்லாயிரம் மைல் கடந்து வந்து, கடைசி இருபது அடியை ஒரு மனிதக் குரலில் கடந்திருந்தது.

அதே மாதிரி மையம் அந்தப் பகுதியின் நல்லவாட்டிலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். உடனே மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே மேட்டுக்கு ஓடச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. வீடும் படகும்தான் போயின.

அதே காலையில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தில் என்ன நடந்தது? சுமத்ரா நிலநடுக்கம் பற்றிப் பதினைந்தே நிமிடத்தில் முதல் அறிவிப்பை வெளியிட்டுவிட்டார்கள். கருவி இருந்தது, தரவு இருந்தது, நிபுணர் இருந்தார். இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் அவர்களிடம் இல்லை. அலை மாலத்தீவுக்கு வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. மூன்று மணி நேரம்! ஒரு தீவு நாடு முழுக்கப் பானை சட்டியோடு மாடி ஏறியிருக்கலாம். எண்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உலகின் தலைசிறந்த தரவு மையம் ஒருபக்கம், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் ஒருபக்கம். இதற்குப் பிறகும் தீவுகளுக்கு மையம்தான் வேண்டும் என்பவர்கள், தீவுகளைப் பற்றிப் பேசவில்லை, தங்கள் அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சுனாமிக்கும் பருவநிலைக்கும் என்ன சம்பந்தம், பருவநிலை மெல்ல வருவதல்லவா என்று கேட்கலாம். மெல்ல வந்ததையும் பார்த்தோம். 2011இல் துவாலுவில் மழை பொய்த்தது. லா நினா என்ற பசிபிக் கடல் நிலை வந்தால் அந்தத் தீவுகளில் மழை குறையும் என்பது வானிலைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஆற்று நீர் கிடையாது, நிலத்தடி நீர் உப்பு, கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தால்தான் குடிநீர். தெரிந்தும் கடைசியில் அவசரநிலை அறிவித்து, தலைநகர் ஃபுனாஃபுட்டியில் வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளி என்று அளந்து ஊற்றினார்கள். முன்னறிவிப்பு கணினியில் இருந்தது, தொட்டியில் தண்ணீர் இல்லை. ஒழுகும் தாழ்வாரக் குழாயை மாற்ற இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் எத்தனை வாளி மிஞ்சியிருக்கும் என்று எந்தத் தளத்தில் தேடுவது?

மொழியைப் பற்றி இந்தத் திட்டக்காரர்கள் வாயே திறப்பதில்லை. வனுவாட்டுவில் மூன்று லட்சம் பேர், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள். ஆள் கணக்குப் பார்த்தால் உலகிலேயே மொழி அடர்த்தி மிகுந்த நாடு. சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்டி 2025 ஜூலையில் பருவநிலைக் கடமைகள் பற்றிய கருத்துரையை வாங்கியதும் அந்த நாடுதான், அதற்கு விதை போட்டது அங்கே படித்த சட்டக் கல்லூரி மாணவர்கள். விவரம் தெரியாத ஆட்கள் இல்லை. ஆனால் ஒரு மலைக்கிராமத்துப் பாட்டிக்கு ‘உயர் உமிழ்வுச் சூழல்’ என்பதை ஆங்கிலப் பிடிஎஃப்பில் கொடுத்து என்ன செய்ய?

மார்ஷல் தீவுக்காரர்கள் ஒரு காலத்தில் தென்னை ஈர்க்கையும் சோழியையும் நார் போட்டுக் கட்டிக் கடல் வரைபடம் செய்தார்கள். வளைந்த ஈர்க்கு என்றால் தீவில் பட்டு வளையும் அலை, சோழி என்றால் தீவு. அதைப் படகில் எடுத்துப் போவதில்லை. கரையிலேயே பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கட்டியவனுக்குத்தான் முழுசாகப் படிக்கவும் தெரியும். இன்று அதே கடலின் மட்டத்தை அளக்கும் பசிபிக் திட்டத்தை 1991 முதல் ஆஸ்திரேலியா நடத்துகிறது, கணக்கு அங்கே பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. கடல் அவர்களுடையது, கணக்குப்பிள்ளை வேறு ஊர்.

நம் இஸ்ரோ சாளரத்துக்கும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கு அருகே கடந்து போனபோது, ஆழ்கடலில் இருந்த நம் விசைப்படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்களில் பலர் புயல் உருவாகும் முன்பே கிளம்பியவர்கள், கையில் இருந்த விஎச்எஃப் கருவி அவ்வளவு தூரம் பேசாது. நூற்றுக்கணக்கானவர்களை இழந்தோம். அதிலிருந்து நாம் கற்றது என்ன? இன்னொரு தளம் அல்ல. செயற்கைக்கோளிலிருந்து நேரே படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் ‘ஜெமினி’ என்ற சிறு கருவியை 2019இல் கொண்டுவந்தோம். குறைகள் ஆயிரம் இருக்கலாம், ஆனால் அது படகுக்குள் இருக்கிறது. சொந்த மீனவனுக்குக் கருவி, தீவுக்காரனுக்குச் சாளரமா?

எனவே ஆண்டிகுவா மையத்தை இத்தோடு நிறுத்த வேண்டும், நம் சாளரத்தையும் சேர்த்துத்தான். அந்தப் பணம் முழுவதும், ஒரு டாலர் மிச்சமில்லாமல், 39 நாடுகளிலும் ஆள் குடியிருக்கும் ஒவ்வொரு தீவுக்கும் ஒரு வானொலி, ஒரு ஒலிபெருக்கி, ஓய்வூதியத்தோடு நிரந்தரச் சம்பளம் வாங்கும் ஓர் உள்ளூர் ஆள் என்று போகட்டும். தரவு எங்கேயாவது இருந்துவிட்டுப் போகிறது, அது எப்போதும் இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போன் போட்டு, துவாலுவின் கடைசித் தீவான நியூலாகிட்டாவில் இன்றிரவு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 2004இல் ஹவாயில் இருந்த அதே பதில்தான் கிடைக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.