பார்த்த மலையில் என்ன இருக்கிறது?

“எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வருஷம் தவறாமல் தலைக்காவிரிக்குப் போய் வருகிறார். ஐப்பசியில் போனால் புண்ணியத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இவர் ஆடி மழையில் போகிறார். பார்த்த மலையில் அப்படி என்னதான் இருக்கிறது?” – ஒரு வாசகி, பாபநாசம் வட்டம்.

குளிர்காற்று வாங்கப் போகிறவர்களுக்கு ஊட்டியும் கொடைக்கானலும் இருக்கின்றன. ஆடி மாதத்தில் குடகுக்குப் போகிற டெல்டாக்காரரின் கணக்கு வேறு. தன் வயலுக்கு வரும் தண்ணீர் கிளம்பும் இடத்தை அவர் பார்க்கப் போகிறார்.

அங்கே பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் வேடிக்கை. பிரம்மகிரி மலையில், 4,000 அடிக்கு மேல், ஒரு சின்னத் தீர்த்தத் தொட்டி; அதையொட்டி ஒரு குளம். ஆறு என்று சொல்ல எதுவும் கண்ணில் படாது. ஊற்றுநீர் மண்ணுக்குள் மறைந்து, கீழே போய்த்தான் ஓடையாகத் தலைகாட்டுகிறது. எட்டு கிலோமீட்டர் இறங்கினால் பாகமண்டலம். அங்கே கன்னிகை என்ற சிற்றாறு வந்து சேர்கிறது. ஆடியில் போனால் இதெல்லாம் மூடுபனிக்குள்தான். காலில் அட்டை வேறு ஏறும்.

ஆனால் அந்த மழைதான் விஷயம். தஞ்சாவூரில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,000 மில்லிமீட்டர். மடிக்கேரியில் அதைப்போல் மூன்று மடங்கு. பாகமண்டலம் பக்கம் இன்னும் அதிகம். பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். டெல்டாவில் வெயில் காயும்போதே ஆடிப்பெருக்குக்கு ஆறு நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது என்றால், அது இந்த மலையின் தயவு.

தயவு தவறினால் என்ன ஆகும் என்று 2023 காட்டியது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தது. தென்மேற்குப் பருவமழை கைவிட்டது. அக்டோபர் 10-ல் அணையை மூடினார்கள். பல ஊர்களில் குறுவை கருகியது. அடுத்த ஆண்டு நேர்மாறு. ஜூன் 12-ல் திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலையில் மலையில் கொட்டிய மழையால் 28-ம் தேதி அணை திறந்து, 30-ம் தேதி 120 அடியைத் தொட்டது. குறுவைக்கு நாற்று விடும் காலம் அதற்குள் போய்விட்டது. அந்த மாதிரி வருஷத்தில் நீண்ட வயதுள்ள சி.ஆர். 1009 போன்ற ரகத்தை வைத்து ஒருபோகச் சம்பா என்று ஒதுங்க வேண்டியதுதான்.

அப்படியானால் மலையில் மழையைப் பார்த்துவிட்டு வந்து விதை ஊறவைக்கலாமா? கூடாது. தலைக்காவிரியில் பெய்யும் மழை முதலில் கிருஷ்ணராஜசாகரில் போய் நிற்கும். அது சுமார் 49 டி.எம்.சி. பிடிக்கும் அணை. வயநாட்டில் பெய்வது கபினிக்கு வருகிறது. கபினி சின்ன அணை, சுமார் 19 டி.எம்.சி.தான். அது சீக்கிரம் நிரம்பி, உபரி மேட்டூருக்கு முந்திக்கொண்டு வந்துவிடுவதுண்டு. ஆகவே குடகை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் பாதி வானத்தைத்தான் பார்த்திருக்கிறார். மேட்டூரில் திறந்த பிறகும் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள் பிடிக்கும்.

நீர்மட்டத்தைச் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே, பிறகு ஏன் போகிறார்? போன வருஷம் பார்த்த மலை இந்த வருஷம் அப்படியே இருப்பதில்லை. 2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் வீடுகளையும் காப்பித் தோட்டங்களையும் வாரிக்கொண்டு போயின. அதே மாதம் 22-ம் தேதி, முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. 2020 ஆகஸ்டில் பிரம்மகிரியே சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது.

சத்தமில்லாமல் நடக்கும் மாற்றமும் உண்டு. குடகில் காப்பி மேட்டில் இருக்கும், பள்ளத்தில் நெல். வரப்பு கட்டிய அந்தப் பள்ளத்து வயல்கள் மழைநீரைத் தேக்கி மெல்ல மண்ணுக்குள் இறக்கும். மழை விட்ட பிறகும் ஓடையில் நீர் வற்றாமல் இருக்க அதுவும் ஒரு காரணம். இப்போது ஆள் கிடைப்பதில்லை, யானை இறங்குகிறது, நெல்லில் மிச்சமும் இல்லை. வயல் தரிசாகிறது, தோட்டமாகிறது, தங்கும் விடுதியாகிறது. நெல் சாகுபடியில் ஒரு போட்டி குறைந்தது என்று டெல்டாக்காரர் இதை எடுத்துக்கொள்ள முடியாது. வரப்பில்லாத இடத்தில் மழை ஒரே மூச்சில் வெள்ளமாக இறங்கிவிடும். கோடையில் ஓடை வறண்டு கிடக்கும். முதல் முறை போகிறவருக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். ஐந்தாம் முறை போகிறவருக்குத்தான், போன ஆடியில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பள்ளத்தில் இந்த ஆடியில் களை மண்டியிருப்பது உறுத்தும்.

உறவு தண்ணீரோடு நிற்கவில்லை. கோயில்காடு மாதிரி அங்கே தேவரகாடு. ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அறுவடைத் திருநாளின் பெயர் புத்தரி. புது அரிசி என்று டெல்டாக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை பெரியவர் கிளம்பும்போது வாசகியும் கூடப் போகலாம். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மைசூருக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து மடிக்கேரிக்குப் பேருந்தில் சுமார் 120 கிலோமீட்டர், பாகமண்டலத்துக்கு இன்னொரு 40. அக்டோபர் 17-ஐ ஒட்டிவரும் துலா சங்கிரமண நாளில் கூட்டம் நெரியும். ஆடியில் கனமழை பிடித்தால் பாகமண்டலத்தில் வெள்ளம் சாலையில் ஏறிவிடும். விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. வயலையும் பார்க்க வேண்டுமென்றால் ஆவணிக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம். அப்போது அங்கே நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கும்.