ஊமற்கரியும் ஊரின் உரிமையும்

ஓர் அரசாங்கத்தின் தகுதியை அதன் பாராளுமன்றப் பேச்சுக்களைக் கொண்டு அளப்பது வழக்கம். ஏழையின் அடுப்பைக் கொண்டு அளப்பதே நேரிய முறை என்போம் நாம். அடுப்பில் எரிவது எது? அதனைக் கொண்டுவந்து சேர்த்த கை யாருடையது? அது தடைப்பட்டால் அந்த வீடு என்ன செய்யும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்துவிட்டால் ஒரு நாட்டின் அரசியல் பெரும்பாலும் விளங்கிவிடும்.

1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நினைத்துப் பார்ப்போம். பூமியைக் குடைந்து நாட்டுக்கெல்லாம் நிலக்கரி தந்த குடும்பங்கள் தம் வீட்டில் குளிர்காயக் கரியின்றித் தவித்தன. சுரங்கக் கழிவு மேடுகளைக் கையாற் கிளறி, கல்லோடு கலந்து கிடந்த கரியைப் பொறுக்கி உடைத்து வீட்டுக்குச் சுமந்தன. யோர்க்சயரின் கோல்ட்தோர்ப் என்னும் ஊரில், 1984 நவம்பரில், அவ்வாறு கரி எடுக்கச் சென்ற இளஞ் சகோதரர் இருவர் மண் சரிந்து மாண்டனர். இந்தியாவின் தன்பாத், ஜாரியா பகுதிகளிலே சுரங்க ஓரங்களிற் கரி பொறுக்கி, துவிச்சக்கரவண்டியில் மூட்டை மூட்டையாகக் கட்டித் தள்ளிச் சென்று விற்றுப் பிழைப்போர் இன்றும் உளர். கரி விளையும் மண்ணில் வாழ்பவனுக்கு அக்கரி சொந்தமில்லை என்பதே இவ்விரு நாடுகளும் காட்டும் பாடம்.

சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த எமது குடாநாட்டில் நிலக்கரி இல்லை. குளிர்காயும் தேவையும் இல்லை. ஆயினும் பொறுக்கி, உடைத்து, உலர்த்தி எரிக்கும் எரிபொருள் எமக்கும் உண்டு. அதுவே ஊமல். ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதைகளைப் பாத்தியில் அடுக்கி, தை, மாசியிற் கிழங்கு கிண்டியபின் எஞ்சும் ஓட்டைத்தான் ஊமல் என்கிறோம். அதனைக் கடகங்களிற் பொறுக்கி, கத்தியாற் பிளந்து, பங்குனி வெயிலில் உலர்த்திக் கொட்டிலிற் குவித்துவிட்டால், மாரி மழையிலும் அடுப்பு அணையாது. குழியில் அடுக்கித் தீ மூட்டித் தணல் பிடித்ததும் மண்ணால் மூடிக் காற்றை அடைத்தால் அதுவே கரியாகும். பொற்கொல்லரின் உலைக்கும் சலவைத் தொழிலாளரின் பெட்டிக்கும் உதவியது இந்தக் கரிதான். ஊமல் அடுப்புக்கு வந்தால் ஓலை தோட்டத்துக்குப் போகும். ஓலையைத் தாட்டு மண்ணை வளர்க்கும் எமது விவசாயிக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதனைப் பழங்கதை என்று தள்ளுவோர் அண்மைக் காலத்தைச் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். 1990இல் மீண்டும் போர் மூண்டபோது குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. மின்சாரம் போயிற்று, புகையிரதம் நின்றது, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சீமெந்தும் யூரியாவும் மின்கலமும் தடைப்பட்ட பொருள்களாயின. கொழும்பிலிருந்து வரவேண்டியவை யாவும் நின்றபோதும் அடுப்பு எரிந்தது. எரித்தவை பனை மட்டையும் பன்னாடையும் சிரட்டையும் பொச்சுமட்டையும் ஊமலுமே. 2006 ஆகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டுக் கப்பலையே நம்பிக் குடாநாடு கிடந்தபோதும் இதே கதைதான். எந்தத் தடையும் பனையடியிற் கிடந்ததைப் பறிக்க முடியவில்லை. ஆனால், அடுப்பைக் காத்த அதே பனைகளே காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாக எண்ணிறந்த அளவில் வெட்டி வீழ்த்தப்பட்டன.

போர் முடிந்தது, இனித் தட்டுப்பாடு இல்லை என்று நம்பினோம். 2022 வந்தது. ஏப்பிரலில், 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் ஒன்றின் விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்கு ஏறிற்று. ஏறிய விலைக்கும் பொருள் இல்லை. வெறுஞ் சிலிண்டர்களே வீதியில் வரிசை பிடித்து நின்றன. ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. இம்முறை தடை விதித்தவர் எவருமில்லை; திறைசேரியில் டொலர் இல்லாமையே தடையாயிற்று. காரணம் எதுவாயினும் அடுப்புக்கு விளைவு ஒன்றே. கப்பல் வந்தாற்றான் உலை கொதிக்கும் என்ற நிலையில் வாழும் மக்கள், எத்தனை உரிமைகளைச் சட்டத்தில் எழுதிப் பெற்றாலும், அரை உரிமையினரே.

அரசாங்கம் இந்த உண்மையை அறியாததன்று. நுரைச்சோலையில் 900 மெகாவாற் மின்னிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கடல் கொந்தளிப்பதால் அங்கே கரி இறக்க முடியாது; ஆகவே முன்கூட்டியே இறக்கிக் குவித்து வைக்கின்றனர். மாரிக்கு முன்னே ஊமலைக் குவிக்கும் எமது கிழவி செய்வதும் இதுவே. மின்னிலையம் குவித்தால் அதற்குத் திட்டமிடல் என்று பெயர். கிழவி குவித்தால் வறுமை என்று பெயர்! முன்னதற்கு டொலர் ஒதுக்குவோர், பின்னதற்கு ஒரு சதமேனும் ஒதுக்கியதுண்டா?

அந்தக் கிழவியின் நிலை யாது? காணியுள்ளவன் வளவிற் பனை நிற்கிறது. காணியற்றவள் அடுப்பிலே நெருப்பு வேண்டும். முன்னாளில் வேலி தாண்டி ஊமலும் மட்டையும் பொறுக்குவதை எவரும் பெரிதாகத் தடுத்ததில்லை. இன்றோ வேலியின் இடத்தில் மதில் எழுந்துவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளரின் காணியிற் காவோலை விழுந்து உக்குகிறது; அடுத்த ஒழுங்கையிலே விறகு காசுக்கு வாங்கப்படுகிறது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினரின் காணிகள் இன்னும் படையினர் வசமே உள்ளன. சொந்தப் பனையை முட்கம்பிக்கு அப்பால் விட்டுவிட்டுப் பிறர் பனையடியிற் பொறுக்க நேர்ந்த அவலம் அவர்களுடையது.

இவ்விடத்தில் எமது மருத்துவ நண்பர்கள் எழுந்து, “புகைக்கு எமது பெண்களைப் பலியிடச் சொல்கிறீரோ?” என்று கேட்பர். நியாயமான கேள்வி. வீட்டினுள் எழும் அடுப்புப் புகையால் 2020இல் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார அமைப்புக் கணித்துள்ளது. மூடிய அறையிலே கரி எரித்தால் காபனோரொட்சைட்டு நஞ்சு உயிரையே கொல்லும். ஆகவே எரிவாயுவைத் துறந்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. எரிவாயு இருக்கட்டும், ஆனால் அது நின்றுபோகும் நாளுக்கு, புகை குறைந்த இன்னோர் அடுப்பும் வீட்டில் இருக்கட்டும் என்கிறோம். 1980களிலேயே இந்நாட்டில் உருவான ‘அனகி’ என்னும் இரு வாய் மண்ணடுப்பு விறகையும் புகையையும் குறைக்க வல்லது. புகைபோக்கியும் காற்றோட்டமும் உள்ள குசினி கட்டுவது எமது பொறியியலாளர்க்கு எட்டாத வித்தையா?

இந்நாட்டின் சிரட்டைக்கரி, உயிர்ப்பூட்டிய கரியாகிக் கடல் கடந்து செல்கிறது. பிற நாடுகளின் குடிநீரைச் சுத்திகரிக்கிறது. சிரட்டைக்குக் கிடைத்த மதிப்பு ஊமலுக்கு ஏன் கிடைத்தல் ஆகாது? பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. கைதடியில் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. பனங்கட்டிக்கும் கைப்பணிக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை எரிபொருளுக்கும் காட்டுமாறு அச்சபையை நாம் கேட்கிறோம். ஊமலைப் பொறுக்கிப் பிளக்கும் கைகளிடமிருந்து நேர்விலைக்கு வாங்கி, முறையான சூளையிற் கரியாக்கி, கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக விற்கட்டும். பிரதேச சபைகள் தம் பொதுக்காணிகளிலும் வீதியோரங்களிலும் விழும் ஊமலையும் மட்டையையும் காணியற்ற குடும்பங்கள் எடுத்துக்கொள்ள உரிமை வழங்கட்டும். ஆலய அறங்காவலரும் கோயிற் காணிகளை அவ்வாறே திறந்துவிடுதல் அறமாகும். அனுமதியின்றிப் பனை தறிப்போர்மீது சட்டம் தயங்காது பாயட்டும். படையினர் வசமுள்ள காணிகள் உரியவரிடம் பனையோடு திரும்பட்டும்.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருத்தல் எமது வழக்கமாதல் கூடாது. விவசாயப் பெருமக்களே, கிண்டிய பாத்தியின் ஊமலைத் தீ வைத்து வீணாக்காதீர்கள். வேண்டாதவர் வேண்டியவர்க்குக் கொடுங்கள். கற்றோரே, வெளிநாட்டிலுள்ள உங்கள் உறவினரின் வளவை ஆண்டுக்கொருமுறையேனும் அயலவர்க்குத் திறந்துவிடச் செய்யுங்கள். இந்த மாரிக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் பத்துப் பனம்விதையேனும் ஊன்றட்டும். பனை வளர்ந்து பயன்தரக் காலம் எடுக்கும் என்பது உண்மையே. இன்று நாம் பொறுக்கும் ஊமல், எம்மைக் காணாத ஒருவர் நட்ட பனையின் கொடையன்றோ? அடுத்த தட்டுப்பாடு எப்போது வரும் என்று எவரும் நாள் குறித்துச் சொல்லப்போவதில்லை. வரும்போது எமது அடுப்பு பிறர் தயவில் இராதிருக்க, வடலி இன்றே முளைக்க வேண்டும்.