பாலாநகரில் ஒரு கேமரா நிற்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சார்மினாரைச் சுற்றிக் கேமராக்கள் கூடிவிடும். புறா பறக்க வேண்டும், பின்னால் மினார் தெரிய வேண்டும், முன்னால் ஒரு தள்ளுவண்டி நிற்க வேண்டும். படம் அழகாகத்தான் வரும். ஆனால் அதே ஹைதராபாத்தின் வடமேற்கில், பாலாநகர் தொழிற்பேட்டையில், வேலை நாள் காலையில் பட்டறைக் கதவுகள் திறக்கும் நேரத்துக்குக் கேமராவோடு வருகிறவர்கள் குறைவு. தெருப் புகைப்படம் கற்க நினைக்கிறவர் முதலில் போய் நிற்க வேண்டியது அங்கேதான்.

1960களில் உருவான தொழில் பகுதி பாலாநகர். விமானங்களுக்கான மின்னணுக் கருவிகளைச் செய்யும் எச்.ஏ.எல். பிரிவு அங்கே இருக்கிறது. 1968-ல் தொடங்கிய சி.ஐ.டி.டி. என்ற கருவி வடிவமைப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஹைதராபாத்தை மருந்து நகரமாக்கிய ஐ.டி.பி.எல். ஆலை இருந்ததும் அதன் ஓரத்தில்தான். டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி அந்த ஆலையில் வேலை பார்த்தவர். பெரிய மதில்களுக்கு வெளியே சந்து சந்தாக லேத் பட்டறைகள், வெல்டிங் கடைகள், டீக்கடைகள். 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் வந்தது. 2021 ஜூலையில் நர்சாப்பூர் சந்திப்பில் மேம்பாலம் திறந்தார்கள். அந்த மேம்பாலத்தைக் கட்டிய தொழிலாளிகளில் ஒரு பெண்ணையே ரிப்பன் வெட்ட வைத்தார் அன்றைய அமைச்சர் கே.டி. ராமா ராவ்.

மேம்பாலம் வந்தபின் அதன் அடியில் வெளிச்சத்தின் கணக்கே மாறிவிட்டது. தூண்களுக்கு நடுவே அடர்ந்த நிழல். பாலத்தின் விளிம்பைத் தாண்டினால் கண் கூசும் வெயில். இதைப் பார்த்ததும் தெருப் புகைப்படக்காரர் ஆளைத் தேட மாட்டார். வெயிலும் நிழலும் சந்திக்கும் அந்தக் கோட்டைத்தான் முதலில் தேடுவார். வெயிலுக்கு ஏற்ப எக்ஸ்போஷரை வைத்துக்கொண்டால் நிழல் பகுதி முழுக்கக் கறுப்பாகிவிடும். இருட்டிலிருந்து தோளில் இரும்புக் கம்பியோடு ஒருவர் கோட்டைக் கடக்கும் அந்த ஒரு எட்டில் முகமும் கம்பியின் நுனியும் மட்டும் சுடர்விடும். அடுத்த எட்டில் அது போய்விடும்.

அந்த ஒரு எட்டுக்குள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், ஃபோகஸ் பார்த்து, அழுத்துவது நடக்காத காரியம். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்துக்கொள்வார்கள். 28 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 8, ஃபோகஸ் இரண்டரை மீட்டரில். ஃபுல் ஃபிரேம் கேமராவில் இப்படி வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் 1/500 நொடி. பிறகு கேமராவைத் தொட வேண்டியதில்லை. இரண்டரை மீட்டர் என்பது எத்தனை எட்டு என்று கால் பழகியிருந்தால் போதும். ஆட்டோஃபோகஸ் எவ்வளவோ வேகமாகிவிட்ட இந்தக் காலத்திலும் தெருவில் படமெடுக்கிறவர்கள் பலர் இந்தப் பழைய முறையை விடாததற்குக் காரணம் உண்டு. கருவி கண்ணைவிட்டு விலகியிருந்தால்தான் தெரு கண்ணில் படும்.

வெயிலுக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஹைதராபாத்தில் மே 9 வாக்கிலும் ஆகஸ்ட் 3 வாக்கிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; நட்டு வைத்த கம்பிக்குக்கூட நிழல் இருக்காது. அந்த நாட்களில் நடுப்பகலில் தெருவில் நடப்பவர்களின் கண்கள் குழிக்குள் போய்விடும், முகம் தட்டையாகிவிடும். டிசம்பரிலோ காலை வெயில் சாய்ந்து சந்துக்குள் நெடுந்தூரம் நுழையும். ஒரே முனைக்கு வருடத்தின் வேறு வேறு பருவங்களில் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் இது பிடிபடும். தெருப் படம் அதிர்ஷ்டத்தால் கிடைப்பது என்று சொல்கிறவர்கள் இந்தத் திரும்பப் போதலைப் பார்த்ததில்லை.

ரகு ராய் 1995-ல் மும்பை சர்ச்கேட் ரயில் நிலையத்தில் எடுத்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடைமேடை முழுக்கக் கூட்டம். ஆனால் கூட்டம் உருவமில்லாமல் புகையாகக் கலைந்து ஓடுகிறது. நடுவில் செய்தித்தாளைப் பிரித்துப் படித்தபடி அசையாமல் நிற்கும் சிலர் மட்டும் துல்லியமாகத் தெரிகிறார்கள். ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து, கேமராவை அசையாமல் நிறுத்தி எடுத்தது. தொழில்நுட்பம் எளியது. அவ்வளவு நெரிசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாரே, அது எளியதல்ல. பாலாநகர் முனையில் மாலை வேளை இருசக்கர வண்டிகள் வெள்ளமாகப் போகும்போது, ஓரத்தில் டீக் கிளாஸோடு நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணை யாராவது இப்படிப் பார்க்கலாம்.

ரகுவீர் சிங்கின் வழி வேறு. 1942-ல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999-ல் மறைந்த அவர், கறுப்பு வெள்ளைதான் கலை என்று உலகம் நம்பிய காலத்திலேயே வண்ணத்தில் பிடிவாதமாக நின்றவர். ஹவுராவில் 1991-ல் நடைபாதைக் கண்ணாடிக் கடை ஒன்றை எடுத்தார். விற்பனைக்கு வைத்திருக்கும் கண்ணாடிகளில் தெருவின் துண்டு துண்டான காட்சிகள் வந்து விழுகின்றன. எது நேரில் இருப்பது, எது பிம்பம் என்று கண் சற்று நேரம் தடுமாறும். பாலாநகருக்கு அவருடைய பாடம் நேராகப் பொருந்தும். துருவின் செம்மண் நிறம், நீலத் தார்ப்பாய், மஞ்சள் ஆட்டோ, வெல்டிங்கின் வெள்ளை வெளிச்சம் எல்லாம் ஒரே சந்தில் இருக்கின்றன. இதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பாதிச் செய்தி போய்விடும்.

இனி, படத்தில் இருக்கிற மனிதர். அவரைக் கேட்காமல் எடுக்கலாமா? ஹைதராபாத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2021 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், சமூக ஆர்வலர் எஸ்.க்யூ. மசூதைத் தெருவில் நிறுத்திய போலீஸார் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, அவர் மறுத்தும் படம் எடுத்தார்கள். முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தை எதிர்த்து அவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தன்னைக் கேட்காமல் தன் முகத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்ற பயம் இந்த ஊரில் கற்பனையானதல்ல. காலையில் லேபர் அட்டாவில் கூலி வேலைக்காகக் காத்து நிற்கிறவர்களில் பலர் வெளி மாவட்டத்துக்காரர்கள், வெளி மாநிலத்துக்காரர்கள். கேமராவைக் கண்டால் அவர்கள் முகம் திருப்பினால் அதற்குக் காரணம் இருக்கிறது. “அன்னா, போட்டோ தீசுக்கோவச்சா?” என்று தெலுங்கில் படமெடுக்க அனுமதி கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்று சில புகைப்படக்காரர்கள் தயங்குகிறார்கள். அப்படியானால் எடுத்துவிட்டுக் காட்டலாம், வேண்டாம் என்றால் அழிக்கலாம். அதையும் செய்ய மனமில்லாதவர் அந்த அட்டாவுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

மதுரைக்காரரான புகைப்படக்காரர் எம். பழனிகுமார் இதில் ஒரு படி மேலே போனவர். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு 2017-ல் ஒளிப்பதிவு செய்தவர். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து அவர்களுக்கே கற்றுத்தருகிறார். பாலாநகர் பட்டறைக்காரர்களின் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் வாய்த்தால், வெளியிலிருந்து வந்து நிற்கிற எவருக்கும் கிடைக்காத படங்கள் கிடைக்கும்.

எடுத்து முடித்த பிறகுதான் கடினமான வேலை. ராபர்ட் ஃபிராங்க் 1955, 56-ல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி எடுத்தவை 27,000-க்கும் மேல்; ‘தி அமெரிக்கன்ஸ்’ புத்தகத்தில் சேர்ந்தவை 83. நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமை ஒரு வருடம் அளவுக்குக் கழுவாமலே வைத்திருப்பார். எடுத்த நாளின் உற்சாகம் மறந்தபிறகு பார்த்தால்தான் படத்தின் தரம் தெரியும் என்பது அவர் கட்சி. 1984-ல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ஃபிலிம் சுருள்கள் கழுவாமல் கிடந்தன. இன்று எடுத்த நொடியிலேயே திரையைக் குனிந்து பார்த்து, வீடு போய்ச் சேருவதற்குள் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுகிறார்கள். குனிந்த அந்த நேரத்தில் தெருவில் நடந்தது போனது போனதுதான். மெமரி கார்டைச் சில மாதங்கள் தொடாமல் வைப்பதற்குப் பணம் ஒன்றும் செலவில்லை.

ஆனால் பாலாநகரில் மாதங்களை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். 2025 நவம்பரில் தெலங்கானா அரசு ஒரு கொள்கையை அறிவித்தது. வெளிவட்டச் சாலைக்குள் இருக்கும் பாலாநகர், ஜீடிமெட்லா, காட்டேதான் உள்ளிட்ட பழைய தொழிற்பேட்டைகளில் சுமார் 9,300 ஏக்கரைக் குடியிருப்பாகவும் அலுவலகமாகவும் கடைவளாகமாகவும் மாற்ற அது வழிவிடுகிறது. இடம் மாறுவதா என்று பட்டறை முதலாளிகள் இனிமேல் முடிவெடுப்பார்கள். தொழிலாளிகளிடம் அதைக் கேட்பார்களா என்பது வேறு விஷயம். படங்களை வைத்துக் காட்ட ஊரில் இடம் உண்டு: மாதாபூரின் மாநிலக் கலைக்கூடத்தில் 2015 முதல் இந்தியப் புகைப்பட விழா நடந்துவருகிறது. ஆறாம் நிஜாமின் அரண்மனையும் வேட்டையும் விருந்தும் எப்படி இருந்தன என்று அவருடைய அரசவைப் புகைப்படக்காரர் லாலா தீன் தயாளின் படங்கள் இன்றும் காட்டுகின்றன. லேத் மெஷினில் அரை நூற்றாண்டு நின்றவர்களின் தெருவுக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டும்: கையால் எழுதிய பெயர்ப்பலகைகள், ஷிப்ட் முடியும் வாசல், மேம்பாலத்தடி டீக்கடை, சைக்கிளில் கட்டிய டிபன் கேரியர். வரும் குளிர்காலத்துக் காலை வெயிலிலேயே அதைத் தொடங்கிவிடலாம்.