போர்ப் படம் வேண்டாம்னு சொல்றவங்களுக்கும், 'மேவரிக்' போதும்னு சொல்றவங்களுக்கும்



இளையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு மண்டபத்தில் 'டெவோஷன்' படம் போடலாம்னு தொண்டூழியர்கள் நாங்க சொன்னதிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே சூடு. "ஆலயத்தில் போர்ப் படமா?" என்று ஒரு பக்கம். "போடறதுன்னா 'டாப் கன்: மேவரிக்' போடுங்க, இது ஓடாத படம், தூக்கம்தான் வரும்" என்று இன்னொரு பக்கம். பேரைக் கேட்டுட்டு "இது பக்திப் படமா தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டாங்க. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிடறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதலில், போர்க் கதையே ஆகாது என்பவர்களுக்கு. தீமிதிக்கு முன்னால் பாரதம் படிக்கிற மரபு நம்முடையது. பதினெட்டு நாள் போரைக் கேட்டு வளர்ந்த நமக்குப் போர்க் கதை என்ன புதுசா? நம்ம பையன்கள் 18 வயசானதும் தேசிய சேவைக்குப் போய்ச் சீருடை போடறாங்க. போர்ப் படத்தையும் கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. பார்க்கலாமா கூடாதா என்கிற கட்டம் தாண்டிப் போச்சு. எதைப் பார்க்கிறாங்க, பார்த்த பிறகு யாரோடு பேசறாங்க என்பதுதான் இப்போ நம்ம கையில் இருக்கு.

இரண்டாவது, 'மேவரிக்' ரசிகர்களுக்கு. இரண்டு படமும் 2022-ல் வந்தவை. இரண்டும் அமெரிக்கக் கடற்படை விமானிகளைப் பற்றியவை. கிளென் பவல் இரண்டிலும் நடிச்சிருக்கார். ஒன்று உலகமெங்கும் கிட்டத்தட்ட 149 கோடி டாலர் வசூல் பண்ணுச்சு. இன்னொன்று சுமார் 9 கோடி டாலர் செலவில் எடுத்து, 2 கோடி டாலர் அளவுக்குத்தான் வசூல் பார்த்தது. வசூல்தான் அளவுகோல்னா பேச்சே இல்லை. 'மேவரிக்' விறுவிறுப்பான படம், அதை நாங்க மறுக்கல. ஆனா அதில் எதிரி நாட்டுக்குப் பேர் இல்லை. எதிரி விமானிக்கு முகம் இல்லை, கறுப்புக் கண்ணாடி போட்ட தலைக்கவசம் மட்டும்தான். அந்தத் தாக்குதலுக்குப் போன நம்ம பக்கத்து விமானிகள் எல்லாரும் உயிரோடு திரும்பி வந்து கட்டிப்பிடிச்சுக்கறாங்க. சீருடை போடப் போகிற பிள்ளைக்குப் போர் இப்படித்தான் முடியும்னு சொல்லிக் கொடுக்கலாமா?

'டெவோஷன்' நிஜக் கதை. ஜெசி பிரவுன் மிசிசிப்பியில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படையின் விமானிப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பினத்தவர். படையில் இன வேற்றுமை கூடாது என்று அதிபர் ட்ரூமன் ஆணையிட்டது 1948-ல்தான். அந்த ஆணைக்கு முன்பே பயிற்சியில் சேர்ந்தவர் இவர். டாம் ஹட்னர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளை. 1950 டிசம்பர் 4-ந் தேதி கொரியாவில் பிரவுனின் விமானம் தரையிலிருந்து சுடப்பட்டுப் பனிமலையில் விழுந்தது. கால் உள்ளே மாட்டிக்கிச்சு, எஞ்சினில் புகை. மேலே பறந்துக்கிட்டிருந்த ஹட்னர், சக்கரத்தை இறக்காமல் தன் விமானத்தையும் பக்கத்திலேயே வயிற்றடியாக இறக்கினார். வெறும் கையால் பனியை அள்ளி எஞ்சினில் போட்டார். ஹெலிகாப்டர் வந்தது, கோடாலி வந்தது. காலை விடுவிக்க முடியல. இருட்டிப் போனதால் விட்டுட்டுக் கிளம்ப வேண்டியதாச்சு. பிரவுனுக்கு 24 வயசு. வீட்டில் மனைவி டெய்சி, இரண்டு வயசுகூட நிறையாத மகள்.

"மெதுவா போகுது" என்கிறீங்களே, அந்த மெதுவுதான் படத்தின் பலம். கோர்சேர் விமானத்துக்கு மூக்கு நீளம். கப்பலில் இறங்கும்போது தளமே விமானிக்குச் சரியாத் தெரியாது. தளத்தில் நின்று கையசைக்கிறவரின் சைகையை நம்பித்தான் இறங்கணும். அந்த விமானத்தை இறக்க பிரவுன் படும் பாட்டைப் படம் நிதானமாகக் காட்டுது. தன்னை மதிக்காத ஒரு அமைப்புக்குள்ளே, இன்னொருவர் கையை நம்பி உயிரைக் கொடுக்க வேண்டிய நிலை அது. பிறகு அந்தக் கண்ணாடிக் காட்சி. வாழ்நாளெல்லாம் கேட்ட இழிசொற்களை, கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மனசை இறுக்கிக்கொள்கிறார். "சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்று நிறத்தை வைத்து நக்கல் பண்ணும் பழக்கம் நம்ம பிள்ளைகளிடம் இல்லையா? கேட்டு வாங்கிக்கொண்டு சிரிச்சு மழுப்பும் பிள்ளைகள் இல்லையா? இரண்டு பேருமே இந்தக் காட்சியைப் பார்க்கணும்.

"வெள்ளைக்காரர் வந்து காப்பாத்தற வழக்கமான கதைதானே" என்று குழுவில் ஓர் அண்ணன் எழுதியிருந்தார். இல்லீங்க அண்ணே. இதில் அவரால் காப்பாற்ற முடியல. அதுக்கு முன்னாலேயும், எனக்காக நீ சண்டை போட வேண்டாம், பக்கத்தில் நில்லு, அது போதும் என்கிற மாதிரிதான் பிரவுன் ஹட்னரிடம் நடந்துக்கறார். நல்லது செய்யறோம்னு நினைச்சு ஹட்னர் செய்கிற காரியமே பிரவுனுக்குப் பாரமாகிற இடமும் இருக்கு. தொண்டு செய்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அதில் பாடம் இருக்கு.

இனி குறை. இதைச் சொல்லாமல் படத்தைப் போட்டால் அது நியாயமில்லை.

படம் நடக்கிற மண் கொரியா. ஆனால் மனசில் நிற்கும்படி ஒரு கொரிய முகம் படத்தில் இல்லை. பனி இருக்கு, பாலம் இருக்கு, குறி இருக்கு. அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் எங்கே? அந்த ஏரியை அமெரிக்கர்கள் 'சோசின்' என்பார்கள். கொரியர்களுக்கு அது ஜாங்ஜின். ஜப்பானியர் ஆட்சியில் போட்ட வரைபடத்தை வைத்துப் போரிட்டதால் ஜப்பானியப் பெயரே நிலைத்துப் போச்சு. நம்ம ஊருக்கும் 'சியோனான்' என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான். மூன்றரை வருஷம் அந்தப் பெயரைச் சுமந்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இது உறைக்க வேண்டாமா?

இன்னொன்று. பிரவுனின் உடலை மீட்க முடியாததால், அது எதிரி கையில் சிக்கக் கூடாதென்று சில நாளில் சக விமானிகளே அந்த இடத்தில் நாப்பாம் போட்டு எரித்தார்கள். கேட்கும்போதே நெஞ்சு அடைக்குது. ஆனால் அதே நாப்பாம் அந்தப் போரில் 30,000 டன்னுக்கு மேல் கொரிய மண்ணில் விழுந்தது. அதில் வெந்த வீடுகளில் இருந்தவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. பாரதத்தில் போர் முடிந்ததும் காந்தாரி களத்துக்கு வந்து அழுகிறாள். தோற்ற பக்கத்தின் அழுகையைக் கேட்காமல் அந்தக் கதை நகராது. 'டெவோஷன்' அந்த அழுகையைக் கேட்கவே இல்லை. நல்ல படம்தான், ஆனால் ஒரு காது கேட்காத படம். 'மேவரிக்'குக்கோ இரண்டு காதும் கேட்காது.

பாட்டிக்கு நாங்க சொல்ற பதில் இது. பக்திப் படம் இல்லை பாட்டி. ஆனா 2013-ல் அந்த ஹட்னர், 88 வயசில், நண்பனின் உடலைத் தேடி வட கொரியாவுக்கே போனார். மழையும் வெள்ளமும் அந்த இடத்துக்குப் போக விடல. வெறுங்கையோடு திரும்பி, 2017-ல் இறந்து போனார். பிரவுன் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறார். இதற்கு என்ன பெயர் வைக்கலாம்னு நீங்களே பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லுங்க.

ஆகவே எங்கள் முடிவில் மாற்றம் இல்லை. படத்தில் தகாத இனச் சொற்கள் வருது, அதனால் பெற்றோர் கூட உட்காரணும். படம் முடிந்ததும் கிளம்பாதீங்க, அரை மணி நேரம் பேசுவோம். கொரியர்கள் எங்கே என்று முதலில் கேட்கிற பிள்ளைக்கு எங்கள் கைதட்டல் உண்டு. எதிர்ப்பு சொன்ன அண்ணன்மாரும் அக்காமாரும் கட்டாயம் வாங்க. பார்த்துட்டுத் திட்டுங்க, கேட்டுக்கறோம். பார்க்காமலே திட்டாதீங்க.