கை தட்டிப் பாருங்கள்

புதிய வீவக வீட்டின் சாவி கைக்கு வந்ததும் முதலில் எழும் விவாதம், தொலைக்காட்சி 65 அங்குலமா, 75 அங்குலமா என்பதுதான். வானொலியில் வேலை பார்க்கும் நான் கேட்பது வேறு: காலி வரவேற்பறையில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்த்தீர்களா?

வெறும் தரை, கான்கிரீட் சுவர், கண்ணாடிச் சன்னல் என்றால் ஓசை எதிரொலிக்கும். எவ்வளவு விலை கொடுத்து ஒலிபெருக்கி வாங்கினாலும் வசனம் குழம்பும். தடித்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் போட்டாலே நல்ல மாற்றம் தெரியும்.

5.1 அமைப்பில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில்தான் வரும். அவ்வளவு செலவு வேண்டாமா? நடு ஒலிபெருக்கி உள்ள 3.1 சவுண்ட்பார் போதும். தொலைக்காட்சியில் ‘ஏஆர்சி’ என்று குறித்திருக்கும் எச்டிஎம்ஐ துளையில் ஒரே கம்பியால் இணைத்துவிடலாம். கம்பி வெளியே தெரியக்கூடாது என்றால், சாயம் பூசும் முன்பே குத்தகையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

என் அப்பாவுக்குக் காது சற்று மந்தம். படம் ஓடும்போது “என்ன சொன்னான்?” என்று இரண்டு முறை கேட்பார்; மூன்றாம் முறை எழுந்து அறைக்குள் போய்விடுவார். இப்போது வடிவேலு வசனத்துக்கு எங்களுக்கு முன்பே சிரிக்கிறார்.